எந்த முறை என்று கேட்பதற்கு முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள்

மென்பொருள் துறைக்கு வரும் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் இப்படித்தான் கற்றுக்கொடுக்கிறார்கள்: ஒரு கட்டத்தை முடித்த பின்தான் அடுத்ததற்குப் போகும் வாட்டர்ஃபால் முறை பழையது, சிறு சுற்றுகளாகக் கட்டி இடையிடையே திருத்திக்கொள்ளும் அஜைல் முறை புதியது, ஆகவே அஜைல் நல்லது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகளை அட்டவணை போட்டு எழுதினால் முழு மதிப்பெண். வேலையில் சேர்ந்த பிறகும் அந்த அட்டவணை அவர்கள் மனத்தில் அப்படியே இருக்கிறது. எனக்கு இதில் தீராத கோபம் உண்டு. முறையைத் தீர்மானிக்க வேண்டியவை இரண்டு கேள்விகள். நாம் செய்த தவறு எப்போது தெரியவரும்? தெரிந்த பின் அதைத் திருத்த எவ்வளவு செலவாகும்?

வாட்டர்ஃபாலின் தந்தை என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் வின்ஸ்டன் ராய்ஸ் 1970-இல் எழுதிய கட்டுரையை எத்தனை பேர் படித்திருக்கிறோம்? தேவை, வடிவமைப்பு, நிரல், சோதனை என்று படிப்படியாக இறங்கும் படத்தை வரைந்துவிட்டு, இதை இப்படியே நடைமுறைப்படுத்தினால் ஆபத்து, தோல்வியை வரவழைக்கும் என்று அவரே எழுதியிருக்கிறார். புதிய வகை மென்பொருள் என்றால் முதலில் ஒரு முன்மாதிரியைக் கட்டிப்பாருங்கள், வாடிக்கையாளரை இடையிடையே உள்ளே கொண்டுவாருங்கள் என்றும் சொன்னார். உலகம் படத்தை எடுத்துக்கொண்டது, எச்சரிக்கையை விட்டுவிட்டது.

அதற்கு அமெரிக்கா கொடுத்த விலைகளில் ஒன்று எஃப்பிஐயின் கதை. காகிதக் கோப்புகளை ஒழித்து, வழக்கு விவரங்களைக் கணினியில் கையாள 'விர்ச்சுவல் கேஸ் ஃபைல்' என்ற மென்பொருளைத் தொடங்கினார்கள். தேவை ஆவணமே 800 பக்கங்களைத் தாண்டியது. பழைய அமைப்பை ஒரே நாளில் நிறுத்திவிட்டுப் புதியதற்கு மாறுவது என்பது திட்டம். வேலை நடக்கும்போதே தேவைகள் மாறிக்கொண்டே இருந்தன. 2005-இல் சுமார் 17 கோடி டாலர் செலவோடு அதைக் கைவிட்டார்கள். அடுத்து வந்த 'சென்டினல்' 2006-இல் தொடங்கியது. நான்கு கட்டங்களாகப் பிரித்தும், 2010-இல் பணத்தின் பெரும்பகுதி கரைந்தபோது இரண்டு கட்டங்கள்தான் கைக்கு வந்திருந்தன.

அப்போது அந்தத் திட்டத்தின் நிர்வாகத்தை எஃப்பிஐயே தன் கையில் எடுத்துக்கொண்டது. ஒப்பந்தப் பணியாளர்களை ஏறத்தாழ 220-இலிருந்து 40 ஆகக் குறைக்கத் திட்டமிட்டு, ஸ்பிரிண்ட் எனப்படும் இரண்டு வாரச் சுற்றுகளில் வேலையை நடத்தியது. 2012 ஜூலையில் மென்பொருள் எல்லா ஊழியர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. அஜைல் பயிற்சி வகுப்புகளில் இந்தக் கதையை வெற்றிச் சின்னமாகக் காட்டுவார்கள். அவர்கள் வேகமாகக் கடந்துபோகும் பகுதியை நான் சொல்கிறேன். சென்டினல் அஜைலுக்கு மாறிய பிறகும் தாமதமானது. முதலில் சொன்ன தேதி 2011 செப்டம்பர். கடைசியில் திட்டத்தைக் காப்பாற்றியது, அஜைல் குழுக்கள் தினமும் நின்றுகொண்டு நடத்தும் ஸ்டாண்ட்-அப் கூட்டம் அல்ல. எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிவைப்பது என்று முடிவெடுக்கும் அதிகாரம் அந்த மென்பொருளைப் பயன்படுத்தப் போகும் அமைப்பிடமே வந்து சேர்ந்தது. அதுதான் காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

எதிர்முனையில் நாசாவின் விண்வெளி ஓடத்தின் (ஸ்பேஸ் ஷட்டில்) மென்பொருள். தவறு தெரியவரும் நேரத்தில் திருத்த வாய்ப்பே இல்லாத இடம் அது. வழிகாட்டலுக்கு ஜிபிஎஸ் வசதியைச் சேர்க்க 6,366 வரிகளில் மாற்றம்; அந்த ஒரு மாற்றத்துக்கான விவரக்குறிப்பு 2,500 பக்கம். அங்கே போய் ஆவணம் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது. ஆனால் அதே ஓடத்தின் முதன்மை மென்பொருளை 1977 முதல் 1980 வரை 17 சுற்றுகளாகத்தான் கட்டினார்கள். ஓடத்தின் தேவைகளே மாறிக்கொண்டிருந்ததால் வேறு வழியில்லை. கடும் திட்டமிடலும் சிறு சுற்றுகளும் ஒன்றுக்கொன்று எதிரி என்று கல்லூரி அட்டவணை சொல்வது எவ்வளவு பொய் என்பதற்கு எனக்கு இது ஒன்றே போதும்.

பராமரிப்பு வேலைக்கு ஸ்பிரிண்ட் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எந்தப் பிழை எப்போது வரும் என்று தெரியாத குழுவிடம் இரண்டு வாரத்துக்கான உறுதிமொழி வாங்குவதில் பொருளில்லை. மைக்ரோசாஃப்டின் உள்பயன்பாட்டு மென்பொருள்களை ஹைதராபாத்தில் இருந்து பராமரித்த ஒரு குழுவில் 2004-ஐ ஒட்டி டேவிட் ஆண்டர்சன் வழிகாட்டலில் செய்த மாற்றம்தான் பின்னாளில் மென்பொருள் உலகில் கான்பான் என்ற முறையாகப் பரவியது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் எவ்வளவு வேலை என்று மதிப்பீடு போடுவதிலேயே அவர்கள் நேரத்தில் கணிசமான பங்கு போய்க்கொண்டிருந்தது. அதை நிறுத்தினார்கள். ஒரே நேரத்தில் கையில் இருக்கும் வேலைகளுக்கு வரம்பு வைத்தார்கள். ஐந்து மாதம் காத்திருந்த கோரிக்கைகள் இரண்டு வாரத்தில் முடிய ஆரம்பித்தன.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் நான் பார்த்த பல திட்டங்களில் விலை, தேதி, செய்ய வேண்டியவற்றின் பட்டியல் மூன்றும் ஒப்பந்தத்தில் முன்பே பூட்டப்பட்டிருக்கும். அதன் மேல் அஜைல் முறைகளில் ஒன்றான ஸ்க்ரம் என்று பெயர்ப்பலகை. ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று குழு தன் சொந்தக் கணிப்புக்காகப் போடும் ஸ்டோரி பாயிண்ட் எண்ணை வைத்து ஆளுக்கு ஆள் ஒப்பிட்டுக் கேள்வி கேட்கிறார்கள். அமெரிக்கக் காலைக்கு ஏற்ப இரவு ஒன்பது மணிக்கு ஸ்டாண்ட்-அப். அந்த மென்பொருளை உண்மையில் பயன்படுத்தும் ஒரு மனிதரின் முகத்தைக்கூட அந்தக் குழு பார்த்ததில்லை. வாட்டர்ஃபாலின் இறுக்கம் முழுவதும் இருக்கிறது, அது தரும் நிதானமான வடிவமைப்பு நேரம் மட்டும் இல்லை. இந்த நெருக்கடி முழுவதும் இருபத்து நான்கு, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகளின் தலையில் போய் விழுகிறது. வேகம் போதவில்லை என்று அவர்கள் தங்களையே நொந்துகொள்கிறார்கள்.

தேவை தெளிவாக இருந்து, விலையும் தேதியும் மாறக் கூடாது என்றால், நேர்மையாக வாட்டர்ஃபால் முறையிலேயே செய்யுங்கள். வடிவமைப்புக்கு உரிய காலத்தைக் கேட்டு வாங்குங்கள். அஜைல்தான் வேண்டும் என்றால் இரண்டு வரிகளை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்: புதிதாக ஒன்று சேர்ந்தால் அதே அளவுள்ள வேறொன்று பட்டியலிலிருந்து வெளியேறும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பயன்படுத்தப் போகிறவர் ஒருவர் வந்து உட்கார்ந்து பார்ப்பார். இதற்கு வாடிக்கையாளர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால், அந்தத் திட்டத்துக்கு ஸ்க்ரம் முறையை நடத்திவைக்கும் ஸ்க்ரம் மாஸ்டரை நியமிக்காதீர்கள். அந்தச் சம்பளத்தில் இன்னொரு நல்ல சோதனையாளரை எடுங்கள்.