தனிப்பட்ட பயணமாம், ஏற்பாடு எதுவும் வேண்டாமாம்

இன்று காலை பல் துலக்குவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. "தலைவரின் குடும்பத்தினர் அடுத்த மாதம் மீண்டும் இராமேசுவரம் வருகிறார்கள். முற்றிலும் தனிப்பட்ட பயணம். ஆடம்பரம் எதுவும் வேண்டாம். சென்ற முறை போலவே இருந்தால் போதும்." சென்ற முறை போலவே! இந்த மூன்று சொற்களைக் கூச்சமில்லாமல் தட்டச்சு செய்த அந்த நேர்முக உதவியாளரின் விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.

முக்கியப் பிரமுகர் வருகைப் பணியில் ஒரு நாளாவது கால்கடுக்க நின்றவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. தலைவரே வந்தால் எங்களுக்குச் சிரமமே கிடையாது. யார் வரவேற்பது, எந்த வண்டி முன்னால் போவது என்பதற்கெல்லாம் எழுதிவைத்த நடைமுறை இருக்கிறது. குடும்பம் வந்தால்தான் குடி முழுகுகிறது. குடியரசுத் தலைவரின் செயலகம் 1979 ஜூலை 26 அன்று வெளியிட்ட முன்னுரிமை வரிசைப் பட்டியலை நான் மேலிருந்து கீழ்வரை பலமுறை படித்திருக்கிறேன். அதில் பிரதமர், ஆளுநர், முதலமைச்சர், தூதர், தளபதி என்று பதவிகள் இருக்கின்றனவே தவிர, மைத்துனரின் மாமியாருக்கு எத்தனையாவது இடம் என்று ஒரு வரிகூட இல்லை. போதாக்குறைக்கு, இந்த வரிசை அரசு விழாக்களுக்கும் சடங்கு நிகழ்ச்சிகளுக்கும் மட்டுமே உரியது, அன்றாட அலுவல்களுக்குப் பொருந்தாது என்று அதிலேயே குறிப்பும் உண்டு. ஆனாலும் சென்ற முறை அந்த அம்மையார் ஏறிய வண்டி ஐந்தாவதாகப் போனதற்கு நான் முக்கால் மணி நேரம் கைகட்டி நின்று விளக்கம் சொல்ல நேர்ந்தது.

சென்ற முறை முதலில் வந்த பயண நிரலில் ஆறு பேர், இரண்டு வண்டிகள். ஒன்பதாவது முறை திருத்தி அனுப்பியபோது பத்தொன்பது பேர், எட்டு வண்டிகள். நான்காவது திருத்தத்தில் வெங்காயமும் பூண்டும் சேர்க்காத சாப்பாடு என்றார்கள்; ஐந்தாவதில் குழந்தைகளுக்கு நூடுல்ஸ் என்றார்கள்; ஆறாவதில் நான்காவதை ரத்து செய்தார்கள்; ஏழாவதில் ஆறாவதை ரத்து செய்தார்கள். மதுரை விமான நிலையத்திலிருந்து இராமேசுவரத்துக்கு ஏறத்தாழ 170 கிலோமீட்டர் என்று நான் ஒவ்வொரு முறையும் சொன்னேன். ஒவ்வொரு முறையும் அந்தத் தாளில் பயண நேரம் இரண்டு மணி என்றே அச்சாகி வந்தது. பாம்பன் பாலத்தில் நின்று படம் எடுக்க அரை மணி நேரமும் அந்த இரண்டு மணிக்குள்ளேயே அடக்கம்.

எல்லாவற்றுக்கும் சிகரம், தீர்த்தமாடல். "அக்னி தீர்த்தம், 22 தீர்த்தங்கள், உடை மாற்றுதல், தரிசனம்" என்று எழுதி, 22 தீர்த்தங்களுக்கும் சேர்த்துப் பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். வகுத்துப் பார்த்தேன். தீர்த்தத்துக்கு 41 விநாடி. அந்த 41 விநாடிக்குள் ஒருவர் வாளியை விட்டு நீர் இறைக்க வேண்டும், பத்தொன்பது தலைகளிலும் ஊற்ற வேண்டும், ஈரத் துணியோடு கல் தளத்தில் வழுக்காமல் அந்தப் பாட்டி அடுத்த தீர்த்தத்துக்கு நடக்க வேண்டும், இடையில் பேரன் அழாமல் இருக்க வேண்டும். இதைப் பணிவோடு சுட்டிக்காட்டியபோது, "நீங்கள்தானே உள்ளூர்க்காரர், ஏதாவது பண்ணுங்கள்" என்று பதில் வந்தது. உள்ளூர்க்காரன் என்பதற்காக அக்னி தீர்த்தக் கடலையா நான் கோயிலுக்குள் கொண்டுவர முடியும்?

அதற்கு முன் விடியற்காலை 5 மணிக்கு ஸ்படிகலிங்க தரிசனம். நாங்கள் மூன்றரைக்கே குளித்துவிட்டு வந்து கோபுர வாசலில் நின்றோம். அவர்கள் ஆறு பத்துக்கு வந்தார்கள். தரிசனம் முடிந்துவிட்டது என்றேன். "இன்னொரு முறை எடுத்துக் காட்டச் சொல்ல முடியாதா?" என்று கேட்டார் உதவியாளர், ஜவுளிக் கடையில் மடித்து வைத்த சேலையை மறுபடி விரித்துக் காட்டச் சொல்வதைப் போல. கயிறு கட்டி நிறுத்தியிருந்த வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "யாருப்பா வர்றாங்க, ராமரேவா?" என்று கேட்டார். ராமர் வந்திருந்தால் நேரத்துக்கு வந்திருப்பார்.

இளநீர்க் கதையையும் சொல்லிவிடுகிறேன். நாற்பது இளநீர் தயாராக இருக்கட்டும் என்றார்கள். சீவித் தயாராக வைத்தோம். இரண்டு பேர் குடித்தார்கள். அதில் ஒருவர் ஓட்டுநர். மீதியைப் பந்தோபஸ்துக்கு வந்திருந்த காவலர்கள் குடித்து முடித்தார்கள், அவர்களாவது நன்றாக இருக்கட்டும். பணம் கேட்டு நான் வைத்த ரசீது, "தனிப்பட்ட பயணத்துக்கான செலவை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது?" என்ற கேள்வியோடு திரும்பி வந்தது. எந்தத் தலைப்பில் எழுதுவது? என் தலையில்தான் எழுதியிருக்கிறதே! வாகனங்களிலிருந்த சிவப்புச் சுழல்விளக்கை 2017 மே 1 முதல் கழற்றச் சொல்லிவிட்டார்கள், ஆனால் அது கழன்ற இடத்தில் கடைநிலை ஊழியனின் சட்டைப்பையைப் பொருத்திவிட்டார்கள் போலிருக்கிறது.

தனுஷ்கோடிக்கும் போனார்கள். காற்று அதிகம் என்று யாரும் வண்டியைவிட்டு இறங்கவில்லை.

ஒருவழியாகப் புறப்பட்டுப் போனார்கள். நான் சட்டைப் பொத்தானைத் தளர்த்தி உட்கார்ந்தபோது கைப்பேசி அலறியது. பேத்தியின் இடது கால் செருப்பைக் காணவில்லையாம். இளஞ்சிவப்பு நிறம், மேலே முயல் காது. அதிகாரிகளும் கிராம உதவியாளர்களுமாக ஏழு பேர் கோபுர வாசலிலிருந்து விருந்தினர் மாளிகை வரை குனிந்தபடியே தேடினோம். கடைசியில் அது குளியலறைக் கதவுக்குப் பின்னால் கிடந்தது. ஒரு பையன் அதை இடுப்பில் செருகிக்கொண்டு, பைக்கில் பாம்பன் பாலத்தைத் தாண்டி இராமநாதபுரம் வரை துரத்திச் சென்றான். பரமக்குடியைத் தாண்டிவிட்டோம், விமானத்துக்கு நேரமாகிவிட்டது, பத்திரமாக வைத்திருங்கள், அடுத்த முறை வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள்.

அது ஆகிவிட்டது ஒன்றரை ஆண்டு. எங்கள் அலுவலக பீரோவின் மேல், கோப்புகளுக்கு நடுவே, முயல் காதை நிமிர்த்திக்கொண்டு அந்தச் செருப்பு வீற்றிருக்கிறது. யாருக்கும் தூக்கி எறியத் துணிவில்லை. ஆயுத பூசையன்று யாரோ அதற்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டார்கள். இன்று காலை வந்த செய்தியின் கடைசி வரியைத் திட்டிக்கொண்டேதான் வாசித்தேன், பிறகு ஏனோ சிரிப்பு வந்துவிட்டது: "குழந்தையின் செருப்பையும் தயாராக வைக்கவும்." அந்தக் குழந்தையின் கால் இதற்குள் இரண்டு அளவாவது வளர்ந்திருக்கும். பதினான்கு ஆண்டு பாதுகையை அரியணையில் வைத்துக் காத்திருந்த பரதனுக்காவது ஒரு ஜோடி கிடைத்தது.