தேங்காய்க்கு நான்கு மால்

முப்பத்தொரு வருடமாகப் பத்திரம் எழுதிப் பிழைக்கிறேன். பாளையங்கோட்டையில் எனக்கு ஒரு மேசை, ஒரு பெஞ்சு, வெயில் காலத்தில் தானாக அணைந்துவிடும் ஒரு பழைய கம்ப்யூட்டர். நிலம் வாங்க வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது விலையை அல்ல, நான்கு மாலை, அதாவது நிலத்தின் நான்கு எல்லையை. கிழக்கே யார் வயல், மேற்கே எந்த வாய்க்கால், வடக்கே எந்த வண்டிப்பாதை, தெற்கே யார் வரப்பு. அது சரியாக விழாவிட்டால் மற்றப் பக்கங்கள் அத்தனையும் வெறும் தாள். "அதெல்லாம் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் அண்ணாச்சி" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய், ஐந்து வருடம் கழித்து முன்சீப் கோர்ட்டு வாசலில் நின்று என்னைச் சபித்தவர்கள் உண்டு.

அப்படி ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற நான், போன மாதம் ஒரு விமான நிலையத்தில் ஏழு தேங்காயோடு நின்று விழித்தேன். எந்த விமான நிலையம், எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள். நெல்லைக்காரனுக்குத் தூத்துக்குடி, மதுரை, திருவனந்தபுரம் என்று மூன்று பக்கம் வாசல் உண்டு. அவற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் பேத்திக்குக் காது குத்து. வீட்டுத் தென்னையில் பறித்து, மட்டை உரித்து, குடுமியை மட்டும் விட்டுக் கொண்டுபோன காய்கள். பத்தமடைப் பாயில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். பெட்டி எக்ஸ்ரேக்குள் போனது, வெளியே வந்தது, நின்றது.

கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். "சார், கொப்பரை போகாது. பாதுகாப்பு விதி."

"இது கொப்பரை இல்லை அம்மா, தேங்காய்."

"மட்டை உரித்துக் காய்ந்து இருக்கிறதே சார், டிரை கோகனட்தானே?"

நான் ஒரு காயை எடுத்து அவள் காதருகே குலுக்கிக் காட்டினேன். உள்ளே தண்ணீர் சளக்கென்றது. தேங்காய் என்றால் தண்ணீர் பேசும். கொப்பரை என்றால் பருப்பு ஓட்டைவிட்டுக் கழன்று கடகடவென்று உருளும். இதைவிடத் தெளிவான வரையறையை எந்தச் சட்டப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. ஆனால் பின்னால் வரிசை நீண்டது. அவள் சுவரில் இருந்த ஒரு பலகையைக் காட்டினாள். பாதி உடைத்த தேங்காய்ப் படம், அதன்மேல் சிவப்புக் கோடு, கீழே ஆங்கிலத்திலும் இந்தியிலும் இரண்டு வரி. ஏழு காயையும் வெளியே எடுத்தேன்.

கோபம் வந்தால் சிலர் கத்துவார்கள், சிலர் தூங்கிவிடுவார்கள். நான் சட்டம் படிப்பேன். பெங்களூரில் இருந்த நான்கு நாளும் மருமகனின் கணினியில் அதைத்தான் செய்தேன். மகள் திட்டினாள்.

முதலில் தேங்காய்க் கதையை முடித்துவிடுகிறேன். அந்தப் பெண் சொன்னதில் பாதி சரி. கொப்பரை என்பது அபாயகரமான சரக்குகளின் பன்னாட்டுப் பட்டியலில் ஐ.நா. எண் 1363, வகுப்பு 4.2. அதாவது தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள். செக்கு வைத்திருக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், காற்றில்லாமல் அடுக்கிய கொப்பரை மூட்டைக்குள் கையை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும் என்பார்கள். விமானத்தின் வயிற்றில் அந்தச் சூடு வேண்டாம் என்பது நியாயமான பயம். 2022இல் நம் நாட்டில் அதைக் கவுன்ட்டரில் ஒப்படைக்கும் பெட்டியிலும் கூடாது என்றார்கள். அதே வருடம் நவம்பரில், சபரிமலைக்குப் போகிறவர்கள் இருமுடித் தேங்காயைக் கைப்பையிலேயே கொண்டுபோகலாம் என்று 2023 ஜனவரி 20 வரை விலக்கும் கொடுத்தார்கள். நம் ஊர்ச் சாமிமார் செங்கோட்டை, புனலூர் வழியாக வேனில் போய்விடுவதால் இங்கே அது பெரிதாகப் பேசப்படவில்லை. ஆக, கைப்பையில் போகும் காய் ஒரு விதி, பெட்டியில் போகும் காய் இன்னொரு விதி, கொப்பரை மூன்றாவது விதி. மூன்றுக்கும் சேர்த்துச் சுவரில் ஒரே படம்.

ஆனால் என்னை உறுத்தியது தேங்காய் அல்ல, அவள் சொன்ன "பாதுகாப்பு" என்ற சொல்.

விமான உலகில் இரண்டு பாதுகாப்பு உண்டு. டயர் வெடிக்காமல், எஞ்சின் அணையாமல், சரக்கு தீப்பிடிக்காமல் பார்ப்பது ஒன்று, ஆங்கிலத்தில் சேஃப்டி. கெட்ட எண்ணத்தோடு வருகிறவனைத் தடுப்பது இன்னொன்று, செக்யூரிட்டி. நாடுகளுக்கிடையே விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் 1944இன் சிகாகோ உடன்படிக்கைக்கு இணைப்புகள் பல உண்டு. அபாயகரமான சரக்கைப் பற்றிப் பேசுவது 18ஆம் இணைப்பு. சதியைப் பற்றிப் பேசுவது 17ஆம் இணைப்பு; அது 1974 மார்ச் 22இல் ஏற்கப்பட்டது. இந்தியாவில் முன்னதைப் பார்க்க ஓர் இயக்குநரகம், பின்னதைப் பார்க்கத் தனியாக ஒரு பணியகம். அந்தப் பணியகம் 1978இல் இயக்குநரகத்துக்குள்ளேயே ஒரு சிறு பிரிவாகத் தொடங்கி, ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் 1985இல் நடுவானில் வெடித்த பிறகு 1987 ஏப்ரல் 1இல் தனிக்குடித்தனம் போனது. ஆட்கள் வேறு, விதி வேறு, தண்டனை வேறு. தமிழில் மட்டும் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறோம். கிழக்கு மேற்கு இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுப் பத்திரம் எழுதினால் எப்படி இருக்கும்?

சொல் இல்லாமல் இல்லை. நம் சீமையிலேயே இருந்தது. காவல். பாளையக்காரர் காலத்தில் தேசகாவல், ஸ்தலகாவல் என்று இரண்டாகப் பிரித்து, அதற்கு வரியும் வாங்கிய மண் இது. காவல்காரன் மடை உடையாமல் பார்க்க வந்தவன் அல்ல, களவு நடக்காமல் பார்க்க வந்தவன். செக்யூரிட்டிக்குக் காவல், சேஃப்டிக்குப் பாதுகாப்பு என்று பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். என் கொப்பரை பாதுகாப்பு விஷயம். என் பையில் அரிவாள் இருந்திருந்தால் அது காவல் விஷயம். நெல்லைக்காரன் அரிவாள் என்று எழுதினாலே சிலர் சிரிக்கிறார்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

வரையறைகளைப் படிக்கப் படிக்க எனக்குத் தொழில்முறை மரியாதையே வந்துவிட்டது. ஒரு விமானம் எப்போது "பறக்கிறது"? தரையைவிட்டு எழும்பினால் என்று நீங்கள் சொல்வீர்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். விமானத்துக்குள் நடக்கும் குற்றங்களுக்கான 1963இன் டோக்கியோ உடன்படிக்கை பொதுவாக, புறப்படுவதற்காக விசை கொடுத்த நொடியில் தொடங்கி, இறங்கி ஓடி முடிக்கும் வரை என்கிறது. விமானக் கடத்தலைத் தடுக்க 1970இல் ஹேக் நகரில் கூடியவர்கள் அதைக் கதவுக்கு மாற்றினார்கள். பயணிகள் ஏறியபின் வெளிக்கதவுகள் எல்லாம் மூடிய நொடி முதல், இறங்குவதற்காக ஏதாவது ஒரு கதவு திறக்கும் நொடி வரை விமானம் பறக்கிறது. ஓடுபாதைக்கே போகாமல் நின்ற இடத்தில் நின்றாலும் சட்டத்தின் கண்ணில் அது பறந்துகொண்டிருக்கிறது. மூடும்போது "எல்லாம்", திறக்கும்போது "ஏதாவது ஒன்று". இந்த இரண்டு சொல்லை இடம் பார்த்து வைத்தவன் நல்ல எழுத்தன். என் பெஞ்சில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்திருப்பேன்.

அதோடு விடவில்லை. கட்டாயத் தரையிறக்கம் என்றால், அதிகாரிகள் வந்து பொறுப்பை ஏற்கும் வரை பறத்தல் நீடிப்பதாகவே கொள்ளப்படும் என்று ஒரு வாலும் வைத்தார்கள். அந்த வால் எதற்கு? 1999 டிசம்பர் 24இல் காத்மாண்டுவிலிருந்து கடத்தப்பட்ட விமானத்தை நினைத்துப் பாருங்கள். அமிர்தசரஸ், லாகூர், துபாய், காந்தஹார். துபாயில் கதவு திறந்தது, சில பயணிகள் இறங்கினார்கள். கதவை மட்டும் அளவுகோலாக வைத்திருந்தால், அத்துடன் "பறத்தல்" முடிந்தது என்று யாராவது ஒரு வக்கீல் வாதாடியிருப்பார். வக்கீல்களை எனக்குத் தெரியும்.

இந்தியாவின் 1982 விமானக் கடத்தல் தடுப்புச் சட்டம் இந்தக் கதவுக் கணக்கில்தான் இருந்தது. அதன் இடத்தில் வந்த 2016 சட்டம் அதைவிட அகலமான மாலைப் பிடித்தது: "சேவையில் உள்ள" விமானம். குறிப்பிட்ட பயணத்துக்காகத் தரைப்பணியாளரோ விமானக் குழுவோ ஆயத்த வேலையைத் தொடங்கியதிலிருந்து, தரையிறங்கி 24 மணி நேரம் வரை. இது 1971இன் மாண்ட்ரியல் உடன்படிக்கையில் இருந்த அளவு. காலியாக நிற்கும் விமானத்தை மிரட்டிக் கைப்பற்றினாலும் இன்று அது கடத்தல்தான். அகலமான மால் யாரை எல்லாம் உள்ளே இழுக்கும் என்பதற்கும் ஒரு வழக்கு இருக்கிறது. 2017இல் மும்பையிலிருந்து டெல்லி போன விமானத்தின் கழிவறையில் ஒரு மிரட்டல் கடிதம் கிடைத்து, அகமதாபாத்தில் இறக்கினார்கள். 2019இல் சிறப்பு நீதிமன்றம் ஒரு பயணிக்கு ஆயுள் தண்டனையும் 5 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. 2023இல் குஜராத் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஆயுதம் இல்லை, ரத்தம் இல்லை, ஒரு தாள்.

விமானத்துக்கு எதிரான சதிச் செயல்களுக்கெல்லாம் பொதுப்பெயரான "சட்டவிரோதக் குறுக்கீடு" என்ற சொல்லின் வரையறையிலும் ஆயுதத்துக்குப் பக்கத்திலேயே பொய்த் தகவல் உட்கார்ந்திருக்கிறது. பையில் என்ன என்று கேட்டால் "பாம்" என்று வேடிக்கையாகச் சொல்லும் மாப்பிள்ளைகள் நம் கல்யாண வீடுகளில் நிறைய. 2024 அக்டோபரில் விமானங்களுக்கு வரிசையாகப் புரளி மிரட்டல்கள் வந்தபின், டிசம்பரில் விதிகளைத் திருத்தி அதற்கென்றே தனியாக எழுதிவிட்டார்கள். வேடிக்கை என்பதற்கு அங்கே வரையறை கிடையாது.

என்னை நிறுத்திய இன்னொரு இடம் மூட்டைகள். 17ஆம் இணைப்பின் பாஷையில் "துணையில்லாத மூட்டை" வேறு, "அடையாளம் தெரியாத மூட்டை" வேறு. முன்னது சரக்காக அனுப்பப்படுவது. உரியவர் அதே விமானத்தில் வரலாம், வராமலும் இருக்கலாம். பின்னது, அட்டை கட்டியிருந்தாலும் இல்லாவிட்டாலும், யாரும் எடுக்காமல், யாருடையது என்று தெரியாமல் நிலையத்தில் கிடப்பது. படிக்கும்போது மயிர் பிளக்கிற வேலை போலத் தெரியும். ஆனால் 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கத்தில் வெடித்தது, விமானம் ஏறாத ஒருவரின் பெட்டி. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் டீக்கடையில் ஒரே பேப்பரைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றது நினைவிருக்கிறது. அடுத்த வருடம் ஜூன் 23இல் கனிஷ்கா. வான்கூவரில் பெட்டியைக் கொடுத்தவன் ஏறவில்லை, பெட்டி ஏறியது. 329 உயிர். ஆள் ஏறாவிட்டால் அவன் பெட்டியை இறக்கு என்று இன்று விமானத்தைத் தாமதப்படுத்துகிறார்களே, நாம் கைக்கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுக்கிறோமே, அது இந்தப் பெட்டிகளின் கணக்கு. இனி நான் முணுமுணுக்க மாட்டேன்.

இதெல்லாம் நியாயமாக இருக்க, எனக்கு என்ன குறை? படிக்க முடியவில்லை என்பதுதான். எனக்கு அரைகுறை ஆங்கிலம் இருக்கிறது, நான்கு நாள் ஓய்வும் இருந்தது. துபாய்க்கும் தம்மாமுக்கும் போய் வருகிற மேலப்பாளையத்துப் பையனுக்கு என்ன இருக்கிறது? மத்தியச் சட்டங்களை மாநில மொழிகளில் மொழிபெயர்த்து, அந்தப் பெயர்ப்புக்கே அதிகாரம் கொடுக்க 1973லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. 1934இன் விமானச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2025 ஜனவரி 1 முதல் புதுச் சட்டம் வந்துவிட்டது. பெயர் "பாரதிய வாயுயான் அதிநியம்". பெயரைச் சொல்லவே எனக்கு இரண்டு முறை மூச்சு வாங்கியது. பழைய சட்டத்தின் வரையறையில் பட்டம்கூட விமானம் என்று இருந்தது, தெரியுமா? வயல்காட்டில் பட்டம் விட்ட நாங்கள் எல்லாரும் விமானிகள்.

தமிழில் பெயர்க்கிறவர்கள் சொல்லுக்குச் சொல் போட்டாலும் ஆபத்து. சோதனை முடித்தவர்கள் மட்டும் இருக்கும் பகுதியை ஆங்கிலத்தில் "ஸ்டெரைல் ஏரியா" என்கிறார்கள். அகராதியைப் பார்த்து "மலட்டுப் பகுதி" என்று யாராவது பலகை மாட்டிவிட்டால், பிள்ளைத்தாய்ச்சிகள் அந்தப் பக்கமே வரமாட்டார்கள். "சோதித்து முடித்த பகுதி" என்றால் போதாதா? அனுமதியில்லாமல் போக முடியாத ஓடுபாதைப் பக்கம் "ஏர்சைடு". அது அல்லாத மீதி எல்லாம் "லேண்ட்சைடு". வடமால் முடிகிற இடத்தில் தென்மால் என்று நான் எழுதுவதும் இதே முறைதான். மீதி என்றால் இளப்பமாக நினைத்துவிடக் கூடாது. 2016 மார்ச் 22இல் பிரசெல்ஸ் விமான நிலையத்தில் குண்டு வெடித்தது இந்த மீதியில்தான், பயணிகள் வரிசையில் நிற்கிற கூடத்தில்.

அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கு ஒரு படத்தைக் கொடுத்திருக்கிறார்கள், நான்கு மாலைக் கொடுக்கவில்லை. மட்டை உரித்த காயும் கொப்பரையும் வேறு என்று இரண்டு வரி தமிழில் அந்தப் பலகையில் இருந்திருந்தால், அவளும் நானும் ஒன்றாகப் படித்து முடிவுசெய்திருப்போம்.

அன்றைக்குத் தேங்காய்களைத் துண்டில் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். என்னை இறக்கிவிட்ட கார் ஓட்டுநர் இன்னும் போகவில்லை, வண்டி நிறுத்துமிடத்தில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். லேண்ட்சைடு. விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு காயைக் கையில் வாங்கி, குலுக்கிக்கூடப் பார்க்காமல், ஓரத்துக் கல்லில் ஒரே தட்டு. தண்ணீர் அவர் சட்டையெல்லாம் தெறித்தது. "அண்ணாச்சி, கொப்பரை நல்லா நனைஞ்சிருக்கு" என்றார். மிச்சம் ஆறையும் வண்டியில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பாயை மட்டும் பெட்டிக்குள் மடித்து வைக்க உள்ளே போனேன்.