நைரோபியில் வீடு பார்க்கிறீர்களா? முதலில் மொட்டை மாடிக்கு ஏறுங்கள்

நைரோபிக்கு வேலைக்கு வரும் நம்மவர்கள் கேட்பதெல்லாம் ஒரே மாதிரிதான். வெயில் தாங்குமா? மலேரியா வருமா? சாயங்காலத்துக்கு மேல் வெளியே போகலாமா? தண்ணீர் எப்படி வரும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. இந்த ஊரில் அன்றாட வாழ்க்கை சுகமா, சள்ளையா என்பதை முடிவு செய்வது அதுதான்.

வெயிலை மறந்துவிடலாம். நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டரில் இருக்கிறது, கிட்டத்தட்ட நம் குன்னூர் உயரம். ஜூலை இரவுகளில் ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. அந்த உயரத்தால் ஊருக்குள் மலேரியாவும் குறைவு. மொம்பாசா, கிசுமு பக்கம் போகும்போதுதான் மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுக்க வேண்டும்.

இப்போது தண்ணீர். நகரத்துக் குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி வடக்கே தொலைவிலுள்ள நடகைனி அணையிலிருந்து வருகிறது. ஊர் வளர்ந்த வேகத்துக்கு அது போதவில்லை. அதனால் முறைவைத்துத்தான் விடுகிறார்கள், சில பகுதிகளுக்கு வாரத்தில் ஓரிரு நாள்தான். நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு 500 லிட்டர் என்று வையுங்கள். நாலு நாள் குழாய் வராவிட்டால் உங்கள் வீட்டின் பங்காக மட்டும் 2,000 லிட்டர் சேமிப்பு வேண்டும். 24 வீடுள்ள கட்டடத்துக்கு 48,000 லிட்டர். மாடியில் 10,000 லிட்டர் தொட்டி இரண்டு நிற்கிறது, கீழே தரைத்தொட்டி இல்லை என்றால் அந்தக் கணக்கு உதைக்கிறது. கீழே நீச்சல் குளம் இருக்கிறது என்று ஏஜென்ட் காட்டினால் இன்னும் கூடுதலாகவே சந்தேகப்படுங்கள்!

ஏஜென்டிடம் கேட்டுப் பயனில்லை. கட்டடத்து கேர்டேக்கரிடம் கேளுங்கள், அவருக்கு எல்லாம் தெரியும். மாலை ஏழு மணிக்குப் போய் குளியலறைக் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் தீர்ந்தால் பவுசர் (தண்ணீர் லாரி) யார் வரவழைப்பது, 10,000 லிட்டருக்கான காசு சர்வீஸ் சார்ஜில் சேர்ந்ததா, தனியா என்பதை ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள். கரன்ட் போனால் ஜெனரேட்டர் லிஃப்டை மட்டும் ஓட்டுமா, மோட்டாரையும் ஓட்டுமா என்பதும் முக்கியம். வீட்டைக் கண்ணால் பார்க்கும் முன் அட்வான்ஸ் அனுப்பச் சொன்னால் அந்த நம்பரை பிளாக் செய்துவிடலாம்.

"எங்களுக்கு போர்வெல் இருக்கிறது, கவலையே இல்லை" என்பார்கள். பாதி நிம்மதிதான். இங்கே எரிமலைப் பாறை நிலம். பல போர்வெல்களில் ஃபுளோரைடு அதிகம், லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவன அளவைத் தாண்டும். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும். சின்னக் குழந்தைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை விழுவது இதனால்தான். குளிக்க, துவைக்க போர். குடிக்க, சமைக்க ஆர்ஓ அல்லது 20 லிட்டர் கேன். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

இதோடு சேர்ந்தது இன்ஸ்டன்ட் ஷவர். குளியலறையில் தலைக்கு மேலே தொங்கும் ஷவருக்குள்ளேயே ஹீட்டர் இருக்கும். கடையில் சாதாரணத் தண்ணீருக்கு ஒரு வகை, உப்புத் தண்ணீருக்கு ஒரு வகை என்று விற்பார்கள். போர் தண்ணீர் வரும் வீட்டில் சாதாரண வகையை மாட்டினால் எலிமென்ட் சீக்கிரம் அரித்துப்போகும், குழாயைத் தொட்டால் கை சுரீரென்று இழுக்கும். அப்படி இழுத்தால் பழகிக்கொள்ளாதீர்கள். மெயினை அணைத்துவிட்டு ஃபுண்டியை (இங்கே மெக்கானிக், எலக்ட்ரீஷியனுக்கு அதுதான் பெயர்) கூப்பிட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும் சாமான் அது. மாத யூனிட்டில் பெரும்பங்கை அது ஒன்றே தின்றுவிடும்.

யூனிட் என்றதும் டோக்கன். மின்சாரம் முன்பணம்தான். எம்-பெசாவில் (போன் வழியாகப் பணம் அனுப்பும் சேவை) பேபில், அதாவது பணம் பெறும் நிறுவனத்தின் எண், 888880, அக்கவுன்ட் எண்ணாக மீட்டர் நம்பர், தொகை. எஸ்எம்எஸ்ஸில் 20 இலக்க எண் வரும், அதுதான் டோக்கன், மீட்டரில் அடித்தால் யூனிட் ஏறும். சில நேரம் அந்த எஸ்எம்எஸ் மணிக்கணக்கில் தாமதமாகும். ஆகவே மீட்டரில் 10 யூனிட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். சில கட்டடங்களில் வேறு பேபில் எண் தருவார்கள். அப்படியானால் அது மின்வாரிய மீட்டர் அல்ல, வீட்டுக்காரர் வைத்த சப்-மீட்டர். யூனிட் விலையை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

2007இல் தொடங்கிய எம்-பெசா இல்லாமல் இங்கே கீரைக்கட்டுகூட வாங்க முடியாது என்றால் மிகை, ஆனால் சிறிய மிகைதான். பாஸ்போர்ட்டைக் காட்டி சிம் வாங்கும்போதே அதையும் திறந்துவிடுங்கள். தவறான எண்ணுக்குப் பணம் போய்விட்டால் வந்த எஸ்எம்எஸ்ஸை உடனே 456க்கு ஃபார்வர்ட் செய்யுங்கள். எதிராளி எடுத்துவிட்டால் மீட்பது கடினம். "தவறுதலாக உங்களுக்கு அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்" என்று யாராவது அழைத்தால், மெசேஜை நம்பாமல் பேலன்ஸைப் பாருங்கள். பெரும்பாலும் அது போலி மெசேஜாக இருக்கும்.

சமையலில் ஒரே ஒரு தொல்லை, அதுவும் உயரத்தால். தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வெகுநேரமாகும். ஊரிலிருந்து வரும்போது குக்கரோடு இரண்டு கேஸ்கட் எடுத்து வாருங்கள். இட்லி மாவு ஜூலையில் ஒரு ராத்திரியில் பொங்காது. விளக்கு மட்டும் எரியும் ஓவனுக்குள் வைத்து 14 மணி நேரமாவது விடுங்கள். கறிவேப்பிலை, முருங்கைக்காய், பாகற்காய் எல்லாம் பார்க்லாண்ட்ஸ் பக்கம் சிட்டி பார்க் சந்தையில் கிடைக்கும். அங்கே தலைமுறைகளாக வாழும் குஜராத்திகளின் புண்ணியம். துணிப்பை கொண்டு போங்கள், பிளாஸ்டிக் கேரி பேக்குக்கு 2017 ஆகஸ்டிலிருந்து தடை.

மூன்றாவது கேள்விக்கு வருவோம், சாயங்காலத்துக்கு மேல் வெளியே போகலாமா? ராத்திரியில் நடப்பதைத் தவிர்த்து டாக்ஸி ஆப் பிடியுங்கள். பகலில் மட்டாட்டுவில் (தனியார் மினி பஸ்) தாராளமாகப் போகலாம்: 46ஆம் தடம் கவாங்வாரேக்கு, 111 இங்கோங்குக்கு. ஏறுவதற்கு முன் கட்டணத்தைக் கேளுங்கள், மழை தூறினால் அதே பயணத்துக்கு இரட்டிப்பாகும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் போன் பைக்குள் இருக்கட்டும். வண்டி நெரிசலில் நிற்கும்போதுதான் வெளியிலிருந்து கை நீளும்.