அடியில் குனிந்து பார்த்தீர்களா?

பழைய திவான் கட்டில் (உட்காரவும் படுக்கவும் உதவுவது) வாங்குவது பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அதில் மரம், பாலிஷ், மெத்தை உறையின் நிறம் எல்லாம் விரிவாக இருக்கிறது. கட்டிலுக்கு அடியில் குனிந்து பாருங்கள் என்று மட்டும் எழுதவில்லை. நான் முதலில் செய்வது அதைத்தான். மேலே எவ்வளவு மெருகேற்றினாலும் அடிப்பக்கம் பெரும்பாலும் உள்ளதைச் சொல்லிவிடும். 1800களின் கட்டில் என்று விற்கிறார்கள், ஆனால் மரச்சட்டத்தில், தலையில் கூட்டல் குறி வெட்டிய ஸ்க்ரூ இருக்கிறது என்றால் கேள்வி கேளுங்கள். அந்த ஸ்க்ரூ புழக்கத்துக்கு வந்ததே 1930களில்தான். பிற்காலத்தில் பழுதுபார்த்தபோது போட்டதாகவும் இருக்கலாம், சரி, ஆனால் எல்லா மூட்டிலும் அதுவே இருந்தால்?

குண்டூசித் தலை அளவுக்குத் துளைகள் இருந்தால் பயப்பட வேண்டாம். விரலால் தட்டிப் பாருங்கள். வெளிர் நிறத்தில் புதுத் தூள் கொட்டினால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது என்று சந்தேகப்படலாம். மூட்டு ஆடுவது பெரிய குறையல்ல, பிரித்து ஒட்டிவிடலாம். கட்டில் காலே விரிசல் விட்டிருந்தால் நான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவேன்.

அப்புறம் அளவு. இன்றைய ஒற்றை மெத்தை பழைய சட்டத்தில் பல நேரம் உட்காராது, ஃபோம் தனியாக வெட்ட வேண்டிவரும். 90 செ.மீ. அகலம் படுக்கச் சுகம். உட்கார்ந்தால் முதுகு எதிலும் படாது. இரண்டு தடித்த திண்டு இல்லாமல் அதை சோபாவாக நினைக்காதீர்கள். வீட்டு வாசலின் அகலத்தையும் அளந்துகொண்டு போங்கள். நான் அளக்காமல் போனவன்.