டிக்ஸ்வில் நாட்ச் சொன்னால் அமெரிக்கா சொன்ன மாதிரியா?

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் குக்கிராமமான டிக்ஸ்வில் நாட்ச், நள்ளிரவில் வாக்களித்து அடுத்த அதிபர் யாரென்று முன்கூட்டியே காட்டிவிடும் என்றொரு செய்தி தேர்தல்தோறும் பரவுகிறது. தவறு.

1960இல், முதல் நள்ளிரவு வாக்குப்பதிவிலேயே நிக்சனுக்கு 9, கென்னடிக்குப் பூஜ்யம். வென்றவர் கென்னடி. 2016இல் ஹிலாரி முந்தினார், அதிபரானவர் டிரம்ப். 2012இல் 5-5, 2024இல் 3-3. சமநிலையில் என்ன ஜோதிடம் பார்ப்பது?

“நூறு சதவீத வாக்குப்பதிவு, எவ்வளவு அரசியல் ஆர்வம்!” என்ற வியப்பும் பாதிதான் சரி. பதிவுசெய்த அனைவரும் வாக்களித்துவிட்டால் சாவடியை உடனே மூடி எண்ணலாம் என்பது அம்மாநில விதி. அதற்காகவே எல்லோரும் நள்ளிரவில் கூடுகிறார்கள். ஆறு பேர் உள்ள ஊரில் ஒருவர் தூங்கிவிட்டாலே அது 83 சதவீதம்.