எண்ணெய் குடித்து இளைக்கிறவர்களுக்கு

தேங்காய் எண்ணெய் குடித்தால் இளைக்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை இங்கே சிங்கப்பூரில் நம் சமூக மன்றத்தில் ஒருவர் பேசிய கூத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். காணொளியைப் பாதிப் பேர் பார்த்துவிட்டீர்கள், மீதிப் பேருக்கு இந்நேரம் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். ஆனால் நேற்று இரவு என் கேள்வியை மட்டும் வெட்டி எடுத்து, சிரிக்கிற பொம்மை ஒட்டி, "இந்த அக்காவுக்குத் தேங்காய் என்றாலே அலர்ஜி" என்று எழுதி சுற்றவிட்டிருக்கிறார்கள். சரி, எழுதிவிடுகிறேன்.

நான் கேட்டது ஒரே கேள்வி. காலையில் வெறும் வயிற்றில் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் குடித்தால் தொப்பை கரையும் என்கிறீர்களே, அந்த எண்ணெயில் இருக்கிற கலோரி எங்கே போகிறது? இவ்வளவுதான். தேங்காயைத் திட்டவில்லை. தமிழனைத் திட்டவில்லை. உங்கள் பாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 14 கிராம். சமையல் எண்ணெய் எதுவானாலும் கிராமுக்கு ஏறக்குறைய 9 கலோரி. சோற்றிலும் பருப்பிலும் இருக்கிற மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் 4. ஆக இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் 250 கலோரி, ஒரு கிண்ணம் சோறு மாதிரி. "தினமும் காலையில் ஒரு கிண்ணம் சோறு கூடுதலாகச் சாப்பிட்டு இளைக்கப் போகிறேன்" என்று நான் மேடையேறிச் சொன்னால் சிரித்திருப்பீர்கள். அதையே ஒருவர் எண்ணெயாகச் சொன்னதும் கை தட்டினீர்கள். மரச்செக்கில் ஆட்டினாலும் தொழிற்சாலையில் எடுத்தாலும், ஆலிவ் ஆனாலும் நல்லெண்ணெய் ஆனாலும் அந்த 9 மாறாது. ஏற்கெனவே சாப்பிடுகிற சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் சேரும். கரையாது.

அந்தப் பேச்சாளர் காட்டிய வித்தையைச் சொல்லாமல் விட முடியாது. மன்றத்து ஏர்கானில் அவர் கொண்டுவந்த போத்தல் வெள்ளையாக உறைந்திருந்தது. ஒரு கட்டியை எடுத்து முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டியின் உள்ளங்கையில் வைத்தார். அது உருகி விரலிடுக்கில் வழிந்தது. "பார்த்தீங்களா, கைச்சூட்டுக்கே உருகுது, உடம்புக்குள்ள எப்படி ஒட்டும்?" கூட்டமே "ஆ" என்றது. தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியில் உருகிவிடும், நம் உடம்போ 37 டிகிரி. அந்தக் கணக்கில் பார்த்தால் வெண்ணெயும் உருகும், நெய்யும் உருகும், காயா டோஸ்ட்டில் வைக்கிற அந்தப் பட்டர் துண்டும் உருகும். அதையெல்லாம் தின்றவர்கள் ஒல்லியாகவா திரிகிறார்கள்? கொழுப்பு கட்டியாகப் போய் வயிற்றில் ஒட்டிக்கொள்வதில்லை. குடலில் கொழுப்பமிலங்களாக உடைந்து, மறுபடி சேர்ந்து, இரத்தத்தில் ஏறி, தேவைப்பட்டது எரிந்து, மிச்சம் சேமிப்புக்குப் போகிறது. உருகுவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இப்போது வருவீர்கள், தெரியும். "அக்கா, எம்.சி.டி பற்றி ஆராய்ச்சியே இருக்கே, படிக்கலையா?" படித்திருக்கிறேன் தம்பி. நீ அனுப்பிய இணைப்பை நீ படித்தாயா என்பதுதான் என் சந்தேகம்.

எம்.சி.டி என்பது நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு. அது மற்ற கொழுப்பைப் போலச் சுற்றி வளைத்துப் போகாமல் குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போய், சீக்கிரம் எரிகிறது. கலோரியும் கிராமுக்கு 8 சொச்சம்தான். உண்மை, மறுக்கவில்லை. இன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருக்கிற மரி-பியர் செயின்ட் ஓஞ்ச் 2008இல் வெளியிட்ட ஆய்வில், எடை குறைப்பு உணவுமுறையில் ஆலிவ் எண்ணெய் சேர்த்துக்கொண்டவர்களைவிட எம்.சி.டி எண்ணெய் சேர்த்துக்கொண்டவர்கள் 16 வாரத்தில் ஒன்றரை கிலோவுக்குச் சற்று மேல் கூடுதலாக இறங்கினார்கள். இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்று, இரண்டு கூட்டமும் ஏற்கெனவே அளந்து சாப்பிட்டவர்கள். எண்ணெய் அந்த அளவுக்குள்தான் வந்தது, மேலே சேரவில்லை. இரண்டு, அது ஆய்வுக்கென்று எடுத்த முழு எம்.சி.டி எண்ணெய், கடையில் விற்கிற தேங்காய் எண்ணெய் இல்லை. இதை அவரே பிறகு சொல்லியிருக்கிறார். தேங்காய் எண்ணெயில் அந்த வகைக் கொழுப்பு 15 விழுக்காடு வந்தால் அதிகம். பாதியளவு இருப்பது லாரிக் அமிலம். பெயரளவில் அதையும் நடுத்தரத்தில் சேர்ப்பார்கள், ஆனால் உடம்பு அதைப் பெரும்பாலும் நீளச் சங்கிலி மாதிரிதான் கையாளுகிறது. அந்த ஆய்வைக் காட்டி இந்தப் போத்தலை விற்பது, மல்லிகைப்பூவைக் காட்டி நாரை விற்கிற வியாபாரம்.

ஆமாம், விற்றார். கடைசியில் போத்தல் 28 வெள்ளி. தேக்கா சந்தையில் அதே அளவு என்ன விலை என்று உங்களுக்கே தெரியும்.

"மெட்டபாலிசம் ஏறும்", அதாவது உடம்பு சக்தியை எரிக்கிற வேகம் கூடும் என்று எத்தனை தடவை சொன்னார்! சாப்பாட்டைச் செரிக்கவே உடம்பு கொஞ்சம் சக்தி செலவழிக்கிறது. புரதத்துக்கு அதன் கலோரியில் 20 முதல் 30 விழுக்காடு அதிலேயே போய்விடும். மாவுச்சத்துக்கு 5 முதல் 10. கொழுப்புக்கு அதிகபட்சம் 3. கொழுப்பைக் கொழுப்பாகவே சேர்த்து வைப்பது உடம்புக்கு அவ்வளவு சுலபமான வேலை. மாவுச்சத்து கூடினால் உடம்பு அதை எரிப்பதைக் கூட்டிவிடுகிறது. கொழுப்பு கூடினால் அன்றைக்கே அப்படிக் கூட்டுவதில்லை. மெட்டபாலிசம் ஏற வேண்டுமென்றால் இரண்டு முட்டை சாப்பிடச் சொல்லியிருக்கலாம். ஆனால் முட்டையை 28 வெள்ளிக்கு விற்க முடியாது.

அப்படியானால் எல்லா எண்ணெயும் ஒன்றுதானா என்றால், இல்லை. இந்த இடத்தைத்தான் யாரும் பேச மாட்டேன் என்கிறார்கள். தராசுக்கு எல்லாம் ஒன்று, உடம்புக்குள் ஒன்றில்லை. சுவீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தில் 39 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2014இல் வெளியிட்டார்கள். எல்லாரும் ஒல்லியான இளையர்கள். 7 வாரம் வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் மஃபின் கொடுத்தார்கள். ஒரு பாதிக்குச் செம்பனை எண்ணெய் மஃபின், மறு பாதிக்குச் சூரியகாந்தி எண்ணெய் மஃபின். இரண்டு பக்கமும் ஏறியது ஏறக்குறைய ஒரே எடை, 1.6 கிலோ. எந்த எண்ணெய் என்று தராசு பார்க்கவில்லை, சேர்த்துத் தின்றார்கள், சேர்ந்தது. ஆனால் செம்பனைக்காரர்களுக்குக் கல்லீரலிலும் வயிற்றின் உள்பகுதியிலும் கொழுப்பு கூடுதலாக ஏறியிருந்தது. சூரியகாந்திக்காரர்களுக்குத் தசை கூடுதலாக ஏறியிருந்தது. செம்பனை எண்ணெயில் பாதி நிறைவுற்ற கொழுப்பு, வெண்ணெயிலும் நெய்யிலும் நிறைய இருக்கிற வகை. தேங்காய் எண்ணெயில் 80 விழுக்காட்டுக்கும் மேல். நம் இந்தியர்களுக்கு ஏற்கெனவே கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் என்கிற உடல்வாகு. இங்கே ஆசியர்களுக்கு பி.எம்.ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையின் கணக்கு) 23 தொட்டாலே பார்த்துக்கொள் என்று சொல்வது சும்மா இல்லை.

அவர் சொன்ன ஒன்று சரி, அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஒருதலைப்பட்சம் என்பீர்கள். வனஸ்பதி, பழைய மார்ஜரின் வகையறாவில் இருந்த டிரான்ஸ் கொழுப்பு கெடுதல்தான். அதைக் கொண்டுவரும் பாதி ஹைட்ரஜன் ஏற்றிய எண்ணெயை 2021 ஜூன் 1 முதல் சிங்கப்பூரில் தடை செய்துவிட்டார்கள். தடை செய்தது யார்? "ஆஸ்பத்திரிக்காரனும் அரசாங்கமும் உங்களை ஏமாற்றுகிறான்" என்று அவர் சொன்னாரே, அதே அரசாங்கம்.

அப்புறம் "விதை எண்ணெய் விஷம்". இதற்குத்தான் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எள் என்ன, கிழங்கா? கடலை என்ன, கீரையா? நல்லெண்ணெயில் 40 விழுக்காடு அளவுக்கு அவர் விஷம் என்கிற அதே ஒமேகா-6 வகைக் கொழுப்பு இருக்கிறது. சூரியகாந்தியில் இருந்தால் விஷம், நல்லெண்ணெயில் இருந்தால் பாரம்பரியமா? நிறைவுற்ற கொழுப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இந்த வகை எண்ணெயை வைத்தால் கெட்ட கொழுப்பான எல்.டி.எல் இறங்குகிறது என்பதை எத்தனையோ வருடமாகச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 2017இல் அமெரிக்க இருதயச் சங்கம் தேங்காய் எண்ணெயைத் தவிர்க்கச் சொன்னதும் இதனால்தான்.

"நம் தாத்தா தேங்காய் எண்ணெய் சாப்பிட்டு 90 வயது இருந்தார்." இருந்திருப்பார். என் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். நீங்கள் லிஃப்ட் பழுதானால் நகர மன்றத்துக்குப் புகார் எழுதுகிறீர்கள். இதற்கு மேல் இதற்குப் பதில் இல்லை.

"கீட்டோவில் என் நண்பன் 12 கிலோ இறங்கினான்." நல்லது, வாழ்த்துகள். கீட்டோ என்றால் மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டுகிற உணவுமுறை. பரோட்டாவும் தே தாரிக் பால் டீயும் சோறும் நிறுத்தினான், இறங்கினான். எண்ணெயைச் சேர்த்ததால் இல்லை, மற்றதை எடுத்ததால். ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை ஒரு வருடம் வைத்து, கொழுப்பைக் குறைத்தவர்களையும் மாவுச்சத்தைக் குறைத்தவர்களையும் ஒப்பிட்டு 2018இல் வெளியிட்டார்கள். இரண்டு கூட்டமும் 5, 6 கிலோ இறங்கியது, சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. எதைப் பிடித்தாலும் மொத்தம் குறைந்தால் குறையும். சேர்த்தால் சேரும். இன்னும் எத்தனை தடவை எழுதட்டும்?

என் அத்தான் கதையை எழுத அக்கா விடமாட்டாள். எழுதத்தான் போகிறேன், அவள் முகநூலில் இல்லை. அத்தானுக்கு இரத்தக் கொழுப்பைக் குறைக்கிற மாத்திரை உண்டு. சென்ற வருடம் இதே மாதிரி ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, மாத்திரையை மேசை இழுப்பறையில் போட்டு, காலையில் எண்ணெய் குடிக்க ஆரம்பித்தார். குடித்துவிட்டு முகத்தைச் சுளித்து ஒரு பேரீச்சம்பழம் வேறு. நான் சொன்னேன், "அத்தான், மாத்திரையை நிறுத்தாதீங்க, டாக்டரைக் கேளுங்க." "நீ சும்மா இரும்மா, எடை ஏறலை பாரு" என்றார். ஏறவில்லைதான், இராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாரே. பலதுறை மருந்தகத்தில் இரத்தம் எடுத்தபோது 2.6 இருந்த எல்.டி.எல் 4.7 காட்டியது (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்). மாத்திரையை விட்டது பாதி, எண்ணெய் பாதி என்று டாக்டர் சொன்னாராம். அன்றைக்கு அக்கா என்னைக் கேட்ட கேள்வி: "ஏண்டி, நீ நர்ஸ்தானே, முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

அதே அக்காதான் ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாள். நான் எழுந்து கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டாள். வெட்டி எடுத்த காணொளியில் அதுவும் தெரிகிறது.

எனக்கு வலிக்கிறது என்றால் அங்கேதான். வருடக்கணக்கில் வார்டில் நின்றவள் நான். இருதய அறுவைக்குப் பிறகு முதல் தடவை எழுந்து உட்கார்கிற மனிதரின் முதுகைத் தாங்கிப் பிடித்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை, உணவியல் நிபுணரும் இல்லை, அப்படிச் சொல்லிக்கொண்டதும் இல்லை. ஆனால் கேள்வி கேட்டதும், மைக் வைத்திருந்தவர் "அம்மா வீட்ல சமையல் பண்றீங்களா, இல்ல வெளில வாங்குறீங்களா?" என்று கேட்டார். சபை சிரித்தது. எண்ணெய்க்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஓர் ஆண் கேட்டிருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்குமா? வீட்டில் நான்தான் சமைக்கிறேன் ஐயா. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், அவியலுக்கு ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய். அளந்து ஊற்றுகிறேன். ஊற்றுகிறேன், குடிப்பதில்லை.

ஏற்பாட்டாளர்களுக்கு: "மாற்றுக்கருத்துக்கு இடம் தருவதுதானே பண்பு" என்று இன்று காலை செய்தி அனுப்பினீர்கள். அவருக்கு ஒன்றரை மணி நேரம், எனக்கு அரை நிமிடம், அதிலும் பாதி சிரிப்பொலி. இதுவா இடம்? பானங்களின் தரத்தை A முதல் D வரை எழுத்தாகக் காட்டும் நியூட்ரி-கிரேட் லேபிள் 2027 நடுவில் சமையல் எண்ணெய்க்கும் வருகிறது, நிறைவுற்ற கொழுப்பைப் பார்த்து அந்த எழுத்தைப் போடுவார்கள். அதை நம் ஆட்களுக்குத் தமிழில் விளக்க ஓர் உணவியல் நிபுணரைக் கூப்பிடுங்கள். சாப்பாடு டோக்கன் கொடுத்தால் கூட்டம் வரும், கவலை வேண்டாம்.

கருத்துப் பகுதியைத் திறந்துதான் வைத்திருக்கிறேன். திட்டுவதானால் திட்டுங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதையும் நம்பாமல் டாக்டரிடமே கேளுங்கள். போத்தல் விற்கிற இணைப்பைக் கீழே ஒட்டினால் மட்டும் அழித்துவிடுவேன்.