தீபாவளிக்கு சோபா வாங்கப் போகிறவர்களுக்கு

தீபாவளி நெருங்கினால் கடலூரில் துணிக்கடைக்கு அடுத்தபடியாகக் கூட்டம் சேர்வது பர்னிச்சர் கடையில்தான். பழைய சோபாவைக் கொடுத்துவிட்டுப் புதியதைத் தவணையில் எடுத்துப் போகலாம் என்று கூவிக் கூவி அழைக்கிறார்கள். போகிறவர்களைக் கேட்டால், "பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது" என்கிறார்கள். சோபாவைவிட அது கிடக்கும் இடம்தான் அலுத்துப்போயிருக்கும் என்பது என் கட்சி.

கொலு வைக்கிற வீட்டாருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அதே செட்டியார் பொம்மை, அதே மரப்பாச்சி, எல்லாம் பாட்டி காலத்துச் சரக்கு. ஆனாலும் நவராத்திரிக்குப் பெட்டியைத் திறந்தால் வீடே ஓடி வருகிறது. மற்ற நாளெல்லாம் கண்ணில் படாமல் இருப்பதுதான் காரணம். நம் ஷோகேஸில் பிள்ளை எல்.கே.ஜி.யில் வாங்கிய கோப்பை முதல் பிரிக்காத டீ செட் வரை ஆண்டு முழுக்க நிற்கின்றன. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பாதியை எடுத்துப் பரணில் போடுங்கள். சில மாதம் கழித்து மாற்றி வையுங்கள்.

இந்த ஊரில் வீட்டை அடுக்குகிறவர்கள் கடல் கிழக்கே இருப்பதை எப்படித்தான் மறக்கிறார்களோ! மதியத்துக்கு மேல் கடல்காற்று அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். மஞ்சக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த பல வீடுகளில் கிழக்கு ஜன்னலை மறைத்துக்கொண்டு பீரோ நிற்கிறது. எங்கள் வீட்டுப் பீரோவை உள்சுவருக்குத் தள்ளி, ஜன்னலடியில் மாமனாரின் சாய்வு நாற்காலியைப் போட்டோம். கூடம் அகலமாகிவிட்டதா என்று அவரே கேட்டார். பீரோவுக்கும் அது நல்லதுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிச்சுவர் ஓதம் காக்கும். ஒட்டி நிற்கும் பீரோவின் முதுகில் பூஞ்சை பிடிக்கும். எங்கே வைத்தாலும் சுவருக்கு நான்கு விரல் தள்ளி வையுங்கள்.

விலை மலிவாக வரும் புதிய அலமாரிகள் பல, மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகையில் செய்தவை. ஓரத்துப் பட்டை விலகி நீர் இறங்கினால் உப்பிவிடும். காய்ந்த பிறகும் திருகாணி பிடிக்காது. 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது ஆற்றோரம் இருக்கும் எங்கள் அண்ணி வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. மரக்கட்டிலைக் கழுவிக் காயவைத்து மறுபடி போட்டுக்கொண்டார்கள். தவணை முடியாத அலமாரி குப்பை வண்டியில் ஏறியது.

பண்ருட்டிப் பக்கம் சொந்தம் உள்ளவர்கள் வீட்டில் ஒரு பலாமர பெஞ்சாவது இருக்கும், மாடிப்படிக்கு அடியில், பழைய செய்தித்தாளைச் சுமந்தபடி. எங்களுடையது 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் சாய்த்த மரத்தில் செய்தது. கறுத்துக் கிடந்ததை ஆசாரி உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்க, அவர் முழங்கை வரை மஞ்சள் தூள் படிந்தது. அடியில் ரேகை ரேகையாகப் பொன்னிறம்.

"பளபளவென்று வார்னிஷ் அடித்துவிடட்டுமா அம்மா?"

"வேண்டாம் ஆசாரி, எண்ணெய் மட்டும் பூசுங்கள்."

நாளாக ஆகப் பழுப்பேறும், ஏறட்டும். இப்படிப்பட்ட பெஞ்சுக்குப் புதுச்சேரிப் பழம்பொருள் கடைகளில் சொல்லும் விலையைக் கேட்டுப் பாருங்கள். நம் ஆட்கள் அதை விறகு விலைக்குத் தள்ளிவிட்டுத் தூள் பலகைக்குத் தவணை கட்டுகிறார்கள். எரிச்சலாக வருகிறது.

திரைச்சீலைக்கும் கடைக்கு ஓட வேண்டாம். ஐந்தரை மீட்டர் பருத்திப் புடவை ஒன்றில் இரண்டு வாசல் திரை வரும். பட்டுப் புடவையை மட்டும் வெயிலில் மாட்டாதீர்கள், இழை இற்றுவிடும். அதற்காகப் பழசெல்லாம் பொக்கிஷம் என்று நான் சொல்லவில்லை. உப்புக்காற்றில் துருவேறிக் காலைக் கிழிக்கும் இரும்புக் கட்டிலைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பத்தான் வேண்டும்.

எங்கள் வீட்டில் இன்னும் நகராதது டிவி ஒன்றுதான். கேபிள் வயர் அந்தச் சுவரில் வருகிறது என்கிறார் கணவர். வயரை நீட்டிக்கொள்ளலாம் என்கிறேன் நான். வழக்கு நிலுவையில் இருக்கிறது.